மரத்தூள் முடிச்சு

அன்றைக்கு வீட்டைக் காலி செய்தவர்கள் இவர்கள்தான். அப்பா, கைவண்டியை இழுத்தவர். அம்மா, பின்னாலிருந்து தள்ளியவர். தம்பி, இன்னும் நடக்கப் பழகாதவன், அம்மாவின் முதுகில் கட்டிய துணிக்குள் தூங்கினான். நான், கையில் மண்ணெண்ணெய் விளக்கும் உப்புச் சாடியும். ஒரு பெட்டைக்கோழி, கால் கட்டி அம்மிக்கல்லுக்குப் பக்கத்தில். அவ்வளவுதான். அண்ணன் இல்லை.

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். பாலோ என்கிற ஊர். நம் வயசு ஆட்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டாம். பேரப்பிள்ளைகளிடம் மரவள்ளிக்கிழங்கு தின்றோம் என்றால், நல்லாத்தானே இருக்கும் என்கிறார்கள். 

எனக்கு எட்டு வயசு இருக்கும்.

பழைய வீடு கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது. பலகை வீடு, ஓலைக் கூரை. இரண்டு அறை, தனிச் சமையல்கட்டு. சமையல்கட்டிலிருந்து சந்துக்குப் போக ஒரு பின்கதவு. வீட்டுக்காரர் சீனக் கடைக்காரர். அப்பா ஸ்டேஷன் பக்கத்து ரப்பர் கிடங்கில் மூட்டை தூக்கினார். சண்டை வந்ததும் ரப்பர் வாங்க ஆள் இல்லை, கிடங்கைப் பூட்டிவிட்டார்கள். அப்பா காட்டோரம் மரவள்ளி நட்டார். விறகு வெட்டி விற்றார். அதில் வயிறு பாதி நிறைந்தது. வாடகைக்கு மிஞ்சவில்லை.

அண்ணனுக்கு அப்போதுதான் மீசை முளைத்திருந்தது. சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது அவன் ஸ்டேஷனில் நின்றிருக்கிறான். அங்கேயே ஏற்றிவிட்டார்கள். யாரோ வந்து சொல்ல, அம்மா கிழங்கை இலையில் கட்டிக்கொண்டு ஓடினார். ரயிலின் கடைசிப் பெட்டியைத்தான் பார்த்தார்.

கொஞ்ச நாள் கழித்து ரயிலில் கரி அள்ளுகிற ஒருவர் அப்பாவைத் தேடி வந்தார். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"பெக்கோக் ஸ்டேஷன் தாண்டி ரயிலு மெதுவாப் போச்சி. ஒரு பையன் குதிச்சிட்டான். சுட்டானுங்க, படல. காட்டுக்குள்ள ஓடிட்டான். ஒங்க பையன் மாதிரிதான் தெரிஞ்சிச்சி. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

அப்பா அதை முழுசாக நம்பவில்லை. அம்மா நம்பினார். அன்றிலிருந்து பின்கதவில் தாழ்ப்பாள் போடவில்லை. தப்பி வந்தவன் முன்வாசலில் வர மாட்டான். யார் கண்ணிலாவது பட்டால் அவனுக்கும் தலை போகும், எங்களுக்கும் போகும். சந்து வழியாகத்தான் வருவான். அம்மா கிழங்கு சீவுவதும் அந்தக் கதவைப் பார்த்துத்தான்.

அவன் வரவில்லை. வாடகை பாக்கி ஏறியது. ஜப்பான்காரனின் அரிசி ஸ்டோரில் வேலை பார்த்த கிராணி ஒருவர் எங்கள் வீட்டைக் கேட்டார். கணக்கெழுதுபவர், தமிழர்தான். கையில் ஜப்பான் எழுத்துப் போட்ட துணிப்பட்டை கட்டியிருப்பார். அவர் முழு வாடகை தருவதாகச் சொன்னாராம்.

அப்பாவும் அம்மாவும் அடுப்படியில் பேசினது நினைவிருக்கிறது.

"மரமில்லுக்குப் பின்னால கொங்சியில ஒரு ரூம் இருக்கு. பாதி வாடககூட இல்ல."

"நான் வரல."

"வராம? இங்க கெடந்து எதக் கட்டுவ? என் தலையையா?"

"அவன் இங்கதான வருவான். வேற வீடு அவனுக்குத் தெரியாதே."

"வந்தா கேட்டுக்கிட்டு வருவான்."

"யார்கிட்ட கேப்பான்? கிராணிகிட்டயா?"

அப்பா அடுப்பில் விறகைத் தள்ளினார். பிறகு, "சின்ன ரூம்தான். கூட்டுற வேல மிச்சம் ஒனக்கு," என்றார். அம்மா சிரிக்கவில்லை.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், போன ஆள் நல்லபடி திரும்ப வேண்டும் என்றால், நம் ஜனங்கள் சாமிக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பார்கள். காரியம் ஆனதும் அவிழ்த்துக் கோயிலில் போடுவார்கள். வீடு மாறுவதற்கு முந்தின நாள் அம்மா அண்ணனின் கட்டம் போட்ட சட்டையில் ஒரு துண்டு கிழித்தார். மஞ்சள் தண்ணீரில் நனைத்தார். முனியாண்டிக்கு நேர்ந்து, ஒளித்து வைத்திருந்த பழைய வெள்ளிக் காசை அதில் வைத்தார். அதன் மேல் ஒரு பிடி மரத்தூள் போட்டார். மில்லுக்குப் போய் அள்ளி வந்தது. சேர்த்து முடிந்தார். பின்கதவுக்கு மேலே, ஓலைக்குக் கீழே, பலகை இடுக்கில் செருகினார்.

"எதுக்கும்மா?" என்றேன்.

"அவன் சட்ட அவனுக்குத் தெரியும். அவுத்துப் பாப்பான். மரத்தூளு இந்த ஊர்ல எங்க இருக்கு? ஒரே எடந்தான். வந்துருவான்." என் தாடையைப் பிடித்துத் திருப்பினார். "யார்கிட்டயும் சொல்லக்கூடாது புள்ள. தூக்கத்துலகூட."

எழுதி வைக்கலாம்தான். எழுத எங்கள் வீட்டில் ஆள் இல்லை. அண்ணனுக்கும் படிக்க வராது.

கொங்சி என்பது மில்லில் வேலை செய்த சீனர்கள் தங்கின நீளக் கொட்டகை. மில் முதலாளியை ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிப் போனான். திரும்பவில்லை. வேலைக்காரர்கள் அன்றைக்கே காட்டுக்குள் போய்விட்டார்கள். முதலாளியின் மனைவி குளுவாங்கிலிருந்து ஆள் விட்டு வாடகை வாங்கினாள். கொட்டகையில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

அறைக்குள் நாலு பேர் படுத்தால் கால் ஒன்றோடொன்று இடிக்கும். சுவரில் வரிசையாக ஆணிகள். ஆணிகளில் மூங்கில் தொப்பிகள். உள்பக்கம் வியர்வைக் கறை காயாதது போல இருந்தது. அப்பா அவற்றைக் கழற்றி மூலையில் போடப் போனார்.

"தொடாதீங்க," என்றார் அம்மா. "ஆளுங்க திரும்பி வந்து கேட்டா?"

தொப்பிகள் அப்படியே இருந்தன. ராத்திரி படுத்தால் தலைக்கு மேலே வரிசையாக ஆட்கள் குனிந்து பார்ப்பது போல இருக்கும். சில நாளில் பழகிவிட்டது.

மில்லில் பெரிய வட்ட ரம்பம் ஒன்று நின்றது. பெல்ட்டைக் கழற்றியிருந்தார்கள். காற்றடித்தால் லேசாக அதிரும். காதில் கேட்காது, பல்லில் தெரியும். அதற்கும் பின்னால் மரத்தூள் குவியல், வீட்டு உயரம். அது உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தது. யார் வைத்த நெருப்போ. தீ தெரியாது. இன்றைக்கு ஒரு பக்கம் புகை வரும், நாளைக்கு வேறு பக்கம். மழை பெய்தாலும் அணையாது. புகை அதிகமாகும், அவ்வளவுதான். ஓரத்தில் கால் வைத்தால் உயிருள்ள மாட்டின் மேல் வைத்தது போலச் சூடாக இருக்கும்.

ஆனால் எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. பழைய வீட்டில் நான் தனியாகப் படுப்பேன். இங்கே அம்மாவின் முதுகு கிடைத்தது. மழை நாளில் கதகதப்பு. மர வாசனை. பூட்ஸ் சத்தம் இல்லை. தெருவில் ஜப்பான்காரனைப் பார்த்தால் குனிய வேண்டும், இங்கே குனிய ஆள் இல்லை. பிடித்திருக்கிறது என்று நான் வெளியே சொல்லவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வராது.

குடிக்கிற தண்ணீருக்குப் பழைய சந்தின் பொதுக் குழாய்க்குத்தான் போக வேண்டும். கொங்சிக் கிணற்றில் மரக்கசப்பு. தினமும் காலையில் அம்மாவும் நானும் போவோம். குழாயிலிருந்து பார்த்தால் எங்கள் பழைய பின்கதவு தெரியும். அம்மா குடத்தைக் குழாய்க்கடியில் வைத்துவிட்டு ஒரு தடவை நிமிர்வார். ஓலைக்குக் கீழே கொஞ்சம் மஞ்சள் தெரியும். குனிந்துகொள்வார். மறுநாளும் அப்படித்தான்.

ஒரு நாள் நிமிர்ந்தவர் குனியவில்லை. நானும் பார்த்தேன். மஞ்சள் இல்லை. கதவில் ஒரு எலுமிச்சம்பழமும் வேப்பிலைக் கொத்தும் தொங்கின. கிராணி வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை.

அம்மா குடம் நிறையும்வரைகூட நிற்கவில்லை. வழியெல்லாம் தண்ணீர் தளும்பியது. கொங்சிக்கு வந்து, அப்பாவின் காதோரம் சொன்னார்.

"எடுத்துட்டான்."

"எத?"

"முடிச்ச. வந்து எடுத்துட்டுப் போயிட்டான்."

முடிச்சு வைத்ததே அப்பாவுக்கு அப்போதுதான் தெரியும்.  "எலி இழுத்துக்கிட்டுப் போயிருக்கும்," என்றார்.

"எலிக்கு மஞ்சத்துணி எதுக்கு? புடவ கட்டவா?"

அம்மா அப்படிப் பேசி நான் வெகுநாளாகக் கேட்கவில்லை. அன்றைக்குக் கோழி முட்டையை விற்கவில்லை, அவித்தார். அதையும் கிழங்கையும் ஒரு தட்டில் வைத்து மூடினார். இருட்டினதும் வருவான் என்றார். வரவில்லை. காலையில் முட்டையை எனக்கும் தம்பிக்கும் பிய்த்துக் கொடுத்தார். அடுத்த நாளும் தட்டு வைத்தார். முட்டை இல்லை, கிழங்கு மட்டும். அடுத்த நாளும். மரத்தூள் மேட்டில் புகை கிளம்பும் ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்ப் பார்ப்பார், அந்தப் பக்கம் ஆள் நிற்கிறதா என்று.

அந்த வாரக் கடைசியில் அரிசி போட்டார்கள். சுண்ணாம்பு கலந்த ரேஷன் அரிசி, கை வெள்ளையாகிவிடும். அம்மாவும் நானும் ஸ்டோர் முன்னால் வரிசையில் நின்றோம். கிராணியின் மனைவி வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆனாலும் பேச்சுக்கு வந்து நிற்பாள். அம்மாவைப் பார்த்ததும் கிட்டே வந்தாள். தூக்கமில்லாத கண்.

"ஏம்மா, அந்த வீட்ட விட்டுப் போறப்ப எதயாச்சும் வச்சிட்டுப் போனீங்களா?"

"இல்லியே கிராணியம்மா. என்னா?"

"பின்கதவுக்கு மேல ஒரு முடிச்சு. மஞ்சத்துணி. உள்ள காசு, என்னமோ தூளு. நாங்க குடிவந்த நாள்ல இருந்து எம்மவனுக்குக் காய்ச்சல் எறங்கல. ஓல மாத்துறப்பதான் கண்டோம்."

"செய்வினதான். வேற என்ன," என்றாள் எங்களுக்குப் பின்னால் நின்ற ஒருத்தி.

"வச்சது நீங்களா இருக்காதுன்னுதான் நெனைக்கறேன்," என்று கிராணியம்மா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். "எங்க வீட்டுக்காரரு வேலயப் பாத்து வயித்தெரிச்சல் படறவங்க ஊர்ல இருக்காங்க."

"இருப்பாங்க," என்றார் அம்மா.

"மலாய்க் கம்பத்து ஊர்ல இருந்து போமோவக் கூட்டியாந்தோம். மலாய்க்காரரு, மந்திரிக்கறவரு. அதக் கையால தொடாம இலயில எடுத்து ஆத்துல விட்டாரு. போறப்ப சொல்லிட்டுப் போனாரு. வச்சவன் தேடி வருவான். உச்சி வேளயில வருவான். உப்பு கேப்பான், நெருப்பு கேப்பான், தண்ணி கேப்பான். பேசாதீங்க, குடுக்காதீங்க. குடுத்தா எறங்கற காய்ச்சல் திரும்ப ஏறிரும்னாரு."

அம்மாவின் கை என் தோளில் இருந்தது. "வந்தானா?" என்று கேட்டார்.

"வந்திச்சி."

வரிசையில் எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"ரெண்டு நாளு கழிச்சி. நல்ல உச்சி. சந்துல ஒரு காக்காகூட இல்ல. கதவத் தட்டல, நகத்தால சொரண்டிச்சி. எம்மவன மடியில போட்டு வாயப் பொத்திக்கிட்டு ஒக்காந்திருக்கேன். அம்மான்னு கூப்புட்டிச்சி. தொண்டயில சத்தமே இல்ல, காத்து மாதிரி. அப்புறம் பாப்பா, கொஞ்சம் தண்ணி குடுன்னிச்சி. எங்க வீட்டுல ஏது பாப்பா? மூணும் ஆம்பளப் புள்ளைங்க."

வீட்டில் என்னைப் புள்ள என்பார்கள். பாப்பா என்று கூப்பிட்டவன் அண்ணன் மட்டும்தான்.

"பாவம், பேயிக்கு ரேஷன் கார்டு இல்ல போல," என்றாள் பின்னால் நின்றவள். "இருந்தா அரிசி கேட்டிருக்கும்." ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

"ஆளப் பாத்தீங்களா?" என்றார் அம்மா.

"கதவுக்கு அடியில காலு மட்டும் தெரிஞ்சிச்சி. சாக்கு சுத்தின காலு. சாக்கெல்லாம் ஈரம் சொட்டுது. அன்னிக்கி மழையே இல்லம்மா. அந்த முடிச்ச ஆத்துலதான விட்டாரு. அங்க இருந்தே ஏறி வந்த மாதிரி."

"அப்புறம்?"

"ஒண்ணும் பேசல. நின்னுக்கிட்டே இருந்திச்சி. நாங்க மூச்சு விடல. ரொம்ப நேரம். பாத்தா காலு இல்ல. அன்னிக்கி சாயங்காலமே புள்ளைக்கு வேர்த்திச்சி. காய்ச்சல் எறங்கிடுச்சி."

அம்மாவின் நகம் என் தோளில் இறங்கியது. வலித்தது. நான் அசையவில்லை.

"புள்ள நல்லாருந்தா போதும்," என்றார் அம்மா.

அதற்குப் பிறகும் வரிசையில் நின்றோம். அரிசியை வாங்கினோம். துணியில் முடிந்தோம். பாதியில் ஓடினால் ஏன் ஓடினாய் என்று கேட்பார்கள். ஸ்டோர் வாசலில் நின்ற சிப்பாய்க்குக் குனிந்தோம். மில் வரைக்கும் அம்மா ஒரே மாதிரி நடந்தார். மரத்தூள் மேட்டுக்குப் பின்னால் போனதும் அரிசியோடு அப்படியே உட்கார்ந்தார். அழுதாரா என்று தெரியாது. புகையில் எல்லாருக்கும் கண் எரியும்.

அப்பா கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். அம்மா சொன்னதைக் கேட்டார். கத்தியை வைத்தார். ஆணியிலிருந்து ஒரு மூங்கில் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். இந்தத் தடவை அம்மா தடுக்கவில்லை. விறகுக்கு ஆள் தேடுவதாகச் சொல்லி, ரயில் ரோட்டோரமாகவே பெக்கோக் வரைக்கும் கேட்டுப் போயிருக்கிறார். தோட்டத்து லயங்களில் கேட்டிருக்கிறார். ஆற்றங்கரையில் பார்த்திருக்கிறார். சாக்கு சுற்றின கால் அப்போது யாருக்கு இல்லை? ஊர் முழுக்க சாக்குதான் உடுத்தினோம். சில நாள் கழித்துத் திரும்பி வந்தார். தொப்பியை அதே ஆணியில் மாட்டினார். 

அம்மா குழாய்க்குப் போவதை விடவில்லை. நேரத்தை மட்டும் மாற்றினார். காலையில் போவதில்லை, உச்சியில் போனார். வெயிலில் அந்தச் சந்து வெள்ளையாகக் கிடக்கும். ஒரு கதவு திறந்திருக்காது. நிழல் எல்லாம் காலுக்கடியில் போயிருக்கும். குடம் நிறைந்து வழியும், அம்மா எடுக்க மாட்டார்.  யாரோ சந்து முனையில் நிற்பது போல இருக்கும். திரும்பினால் யாரும் இல்லை.

ஜப்பான்காரன் போனான். சயாமிலிருந்து கொஞ்சம் பேர் வந்தார்கள். அதில் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். முழங்காலுக்குக் கீழே முழுக்கப் புண். அண்ணன் இருந்த கூட்டத்திலேயே இருந்தவர்.

"வந்த மொத மழயிலயே வாந்தி பேதி. ஒரே நாளு. நாந்தான் தூக்கிப் போட்டேன்," என்றார்.

"ரயில்ல இருந்து குதிக்கலியா?" என்றார் அப்பா.

"குதிச்சது வேற பையன். எங்க பெட்டிதான். ஒங்க பையன் கதவுகிட்ட ஒக்காந்திருந்தான். கடேசி வரைக்கும் குதிக்கல."

முதல் மழை என்றால் நாங்கள் வீடு மாறுவதற்கு முன்பே. அப்பா விரல் விட்டு எண்ணிப் பார்த்து, அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்கும் தெரிந்திருந்தது.

காரியம் செய்தோம். அன்றைக்குச் சாயங்காலம் நான் முதல் தடவையாகக் கேட்டேன்.

"அப்ப அந்தக் கதவச் சொரண்டினது யாரு?"

"எவனோ ஓடி வந்தவன்," என்றார் அப்பா. "குதிச்ச பையனோ என்னமோ. எல்லா வீட்டுலயும் ஒரு பாப்பா இருக்கும்."

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். "எவனா இருந்தா என்ன," என்றார். "தண்ணி கேட்டிருக்கான்."

அப்பா சொன்னதை நான் நம்பினேன். இப்போதும் பகலில் நம்புகிறேன். ஆனால் அம்மா என்று முதலில் கூப்பிட்டு, பிறகு பாப்பா என்று கூப்பிட, அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று தெரிந்தவனால்தான் முடியும் என்று வேறு நேரத்தில் தோன்றுகிறது. அதற்கு மேல் நான் யோசிப்பதில்லை.

கிராணியைப் பற்றிப் பிறகு கேள்விப்பட்டோம். ஸ்டோர் அரிசியில் கொஞ்சம் கொஞ்சமாக, காட்டுக்குள் ஒளிந்திருந்தவர்களுக்கு அனுப்பினவராம். கையில் பட்டை கட்டிக்கொண்டே அதைச் செய்திருக்கிறார். அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வீட்டில் கதவு திறந்திருக்கும். அவர் பட்டையைத்தான் அம்மா பார்த்தார். முடிச்சைத்தான் கிராணியம்மா பார்த்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. காய்ச்சல் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நானும் திறந்திருக்க மாட்டேன்.

கிராணி குடும்பம் ஊரை விட்டுப் போனது. மில்லைத் திரும்ப ஓட்டினார்கள். அப்பாவுக்கு அங்கேயே வேலை கிடைத்தது. கொங்சியில் பக்கத்து அறையையும் சேர்த்துத் தருகிறோம், வாடகை வேண்டாம் என்றார்கள். அப்பாவுக்குச் சந்தோஷம். எனக்கும்தான்.

"அந்த வீடு காலியாக் கெடக்கு," என்றார் அம்மா.

"சும்மா கெடைக்கறத விட்டுட்டு முழு வாடக கட்டவா?"

"நான் தோட்டத்துக்குப் போறேன். பால் மரம் வெட்டறேன். நீங்க கட்ட வேணாம்."

சொன்னபடி தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டப் போனார். பழைய வீட்டுக்கே போனோம். சாமான் வைக்க இடம் இருந்தது, வைக்கத்தான் சாமான் இல்லை. அப்பா அந்த வீட்டிலேயே கண்ணை மூடினார். தம்பி சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்து, வீடு வாங்கி, அம்மாவுக்கென்று ஒரு அறை விட்டு வைத்தான். அம்மா போகவில்லை. நான் பக்கத்து ஊரான சாஆவில் வாழ்க்கைப்பட்டேன். என் வீட்டுக்குக் காலை முதல் பஸ்ஸில் வருவார், பிள்ளைகளைப் பார்ப்பார், உச்சிக்குள் திரும்ப வேண்டும் என்று சாப்பிடாமலேயே கிளம்பிவிடுவார். வாடகை இரண்டு தடவை ஏறியது. கட்டினார். கண் மங்கின பிறகும் கட்டினார்.

நாங்கள் எல்லாரும் போன பிறகு அம்மா அந்த வீட்டில் தனியாக இருந்தது பத்தொன்பது வருஷம்.